செய்வினை

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒதுக்கப்பட்டவள்
ஆறு மூலைத் தகரத்தில் இருந்தாள்.
சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்து ஆணி அடிப்பார்கள்,
தன் சாவுக்கு வந்தவர்களைத்
தானே கண்கொட்டாமல் பார்த்திருக்க.
மூலைக்கொரு துளை.
ஐந்தில் துரு. ஆறாவதில் யாரோ அடைத்த மெழுகு.

பெயர் கொன்ஸ்தான்ட்சியா, வயது நாற்பத்தொன்று.
தோளருகே இருந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு
திருச்சபைப் பதிவேடுகளில் டோப்ராவா தேடிக் கொடுத்தது.

டோருனில் அந்த ஜனவரி
விஸ்துலா ஆற்றில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின.
ஆய்வறையின் வெந்நீர்க் குழாய் இருமியபடியே இருந்தது.

முதல் மூன்று வாரம் எச்சில்.
எச்சிலேதான்.
பஞ்சுக்குச்சியை நாக்கில் உருட்டி
அவள் நெற்றியில் உருட்ட வேண்டும்.
காலையில் காபி கூடாது, பூண்டு கூடாது.
பாடத்திட்டத்தில் இதற்கு நொதிவழித் தூய்மையாக்கம் என்று பெயர்.
ஐந்து வருடம் படித்து என்னதான் செய்கிறாய் என்று
லூப்லினிலிருந்து அம்மா போனில் கேட்டாள்.
செத்தவள் முகத்தில் துப்புகிறேன் என்றேன்.
சிரிக்கவில்லை.

மெழுகுவர்த்திப் புகை வந்தது.
ஈயின் எச்சம் வந்தது.
முன்னூறு வருடத்துப் பாடல்களின் மூச்சு
பழுப்பாக வந்தது.
மூக்கின் பக்கத்தில் ஒரு மரு தெரிந்ததும்
எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பிறகு வார்னிஷ். அதற்கு எச்சில் போதாது,
எத்தனால் கலவை.
குச்சி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.
நாற்பத்தாறு வரை தேன் நிறம்.
நாற்பத்தேழு
இளஞ்சிவப்பு.

இடது கன்னத்தில் எள்ளளவு.
ஓவியன் எல்லாம் முடித்த பிறகு
ஒரே ஒரு இழுப்பில் பூசியிருந்த சிவப்பு,
வெங்காயத் தோலைவிட மெல்லியது.
வார்னிஷோடு வார்னிஷாக எழுந்து வந்துவிட்டது.
அந்தப் புள்ளியில் மட்டும்
அவள் செத்துப்போனாள்.

தியோபில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு
எக்ஸ்ரே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.
டோப்ராவா புகைக்கப் போயிருந்தாள்.
பேராசிரியை ஓல்ஷெவ்ஸ்கா கிராக்கோவில், கருத்தரங்கில்.
நீர்வண்ணப் பெட்டி கைக்கெட்டும் தூரம்.
ஐந்து நிமிடம் போதும்.
நாம் வைப்பது எதையும்
நாளை இன்னொருத்தி எடுக்க முடிய வேண்டும்,
அது விதி.
எடுத்துவிட்டதைப் பற்றி
விதி எதுவும் சொல்லவில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
அழுக்கு நீக்கப்பட்டது. துரு நிறுத்தப்பட்டது.
மெருகு மெலிதாக்கப்பட்டது.
எங்கள் போலிஷில் இதற்கென்றே ஒரு வினைமுற்று இருக்கிறது,
ஆளே இல்லாமல் வேலை நடந்து முடியும்.
யாரோ ஏவிய பேய்
இரவோடிரவாக வந்து
துடைத்துவிட்டுப் போனது போல.

அறுபத்து மூன்றாம் பக்கம்:
ஜனவரி பதினாறு, மாலை நாலே கால்.
இடது கன்னத்தின் சிவப்பு அகற்றப்பட்டது.
அழித்தேன்.
அகன்றது.
அழித்தேன்.
நான் எடுத்துவிட்டேன். குச்சி 47.

பேராசிரியை பென்சிலால்
‘நான்’ என்பதைச் சுற்றி வட்டமிட்டிருந்தார்.
ஓரத்தில் ஒரு சொல்: நடை.
மற்றபடி ஒன்றுமில்லை.
ஜூனில் வாய்மொழித் தேர்வில்
ஈரப்பதம் கேட்டார்கள், பசையின் பெயர் கேட்டார்கள்,
தகரத்தில் எத்தனை பங்கு ஈயம் என்று
வெளியூர்க்காரர் ஒருவர் இருபது நிமிடம் கேட்டார்.
வட்டம் அப்படியே கிடந்தது.
நானும் திருத்தவில்லை.

ஜூலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு
பேருந்தில் போனேன்.
பாதிரியார் இளைஞர், கையெல்லாம் சுண்ணாம்பு,
கூரை வேலையில் பாதியில் இறங்கி வந்திருந்தார்.
முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்
என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
அப்புறம்தான் அந்தக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
மருந்தா?
இல்லை, அவளுடையது.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.
பிறகு தீப்பெட்டிகள் கிடந்த இழுப்பறையில்
நிமிர்த்தி வைத்தார்.